மீட்டர் பெட்டியில் நாலு வாய்

இந்தத் தடவையும் பெரியதுக்குத்தான் கொடுத்தது. பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். ஒன்பது மணியிலிருந்து இது ஏழாவது நடை. ஏழில் மூன்று பெரியதுக்கு, இரண்டு இரண்டாவதுக்கு, இரண்டு மூன்றாவதுக்கு, கீழே அமுங்கிக் கிடக்கிற நாலாவதுக்கு ஒன்றுமில்லை. தாய்க்காரி வருகிறாள், அலகில் பச்சைப் புழு நெளிகிறது, பெட்டித் துவாரத்துக்குள் தலையை விடுகிறாள், எந்த வாய் முன்னால் நீள்கிறதோ அதில் திணிக்கிறாள், அடுத்த நொடி ஆளைக் காணோம். கீழே ஒன்று கிடக்கிறதே, நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அதன் கழுத்து நிமிரவில்லையே என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தால் என்ன குறைந்துவிடும். தகப்பன்காரன் அதற்கு மேல். கொய்யா உச்சியில் உட்கார்ந்து வாலைத் தூக்கித் தூக்கிப் பாடுகிறான், நடுவில் நினைவு வந்தால் ஒரு வெட்டுக்கிளியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடி கச்சேரிக்குப் போய்விடுகிறான். குண்டுக்கரிச்சான் என்று பெயராம். என் வீட்டுக்காரர் புத்தகத்தில் பார்த்துச் சொன்னார். எனக்கு அது கருப்பு வெள்ளைக் குருவிதான். என்ன பெயராக இருந்தால் என்ன, பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பாராட்டுவேன், பீயை அள்ளுகிற விஷயத்தில் சுத்தம். பிள்ளைகள் வெள்ளைப் பொட்டலமாகத்தான் போகின்றன, தாய்க்காரி அதை அலகில் கவ்விக்கொண்டு போய் மதிலுக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு வருகிறாள். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி வார்டில் எத்தனை பெரிய மனுஷர்களுக்கு இந்தப் புத்தி இருந்தது. ஆனால் நாலாவதின் பின்னாலிருந்து காலையிலிருந்து பொட்டலம் எதுவும் வரவில்லை. உள்ளே போனால்தானே வெளியே வரும்.

வெயில் இப்போதே துவைக்கிற கல்லில் ஏறிவிட்டது. பங்குனியில் பாளையங்கோட்டையில் பத்து மணிக்கு மேல் மனுஷி வெளியே உட்காருவாளா. நான் உட்கார்ந்திருக்கிறேன், தலையில் ஈரத் துண்டோடு, பிளாஸ்டிக் நாற்காலியில், ஒரு பக்கம் வாளியில் இவருடைய வேட்டி சோப்புத்தூளில் ஊறிக்கொண்டிருக்க. எல்லாம் இந்தப் பெட்டியால் வந்தது. பெட்டி என்றால் கடையில் வாங்கினதில்லை. மின்சார வாரியத்தில் கழித்துக்கட்டின பழைய மீட்டர் பெட்டி, தேக்கு, முன்னால் கண்ணாடி வைத்த கதவு, ஒரு கொக்கி. மீட்டர் பார்க்கிற ஆள் கதவைத் திறக்காமலே ரீடிங் பார்க்கத்தான் அந்தக் கண்ணாடி. ஒயர் போகிற ஓட்டையை ரம்பத்தால் அகலப்படுத்தி, கண்ணாடிக்கு மேல் பழைய குடைத்துணியைத் தொங்கவிட்டு, கொய்யா மரத்தில் என் கண் உயரத்துக்கு அடித்து வைத்தார். வீட்டுக்காரர் பிரமநாயகம், முப்பத்து மூன்று வருஷம் தெருத் தெருவாக ரீடிங் எடுத்தவர், ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிறது, அந்தப் புத்தி போகவில்லை. காலையில் ஏழு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு தடவை, துணியைத் தூக்கிப் பார்ப்பார். அரை நிமிஷம். பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு வெள்ளை அட்டையை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், அதில் தேதி, எண்ணிக்கை, குறிப்பு என்று மூன்று கட்டம். எழுதுவார். நாலு, சரி. நாலு, சரி. நாலு, சரி. பதின்மூன்று நாளாக இதே. இன்றைக்குக் காலையிலும் நாலு, சரி. என்ன சரி. நாலில் ஒன்று செத்துக்கொண்டிருக்கிறது, அதற்கும் சரிதான். அவர் ரீடிங் எடுத்த வீடுகளில் உள்ளே அடிதடி நடந்திருக்கும், மாரைப் பிடித்துக்கொண்டு யாராவது விழுந்திருப்பார்கள், இவர் டார்ச் அடித்து எண்ணைப் பார்த்து அட்டையில் எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். நேற்று நான் சொன்னேன், சின்னது தேறாது போலிருக்கு, ஏதாவது செய்யணும் என்று. பார்க்கத்தான் நமக்கு உரிமை, கைவைக்க இல்லை என்றார். பெரிய ஞானி. பன்னிரண்டாம் நாளுக்கு மேல் பெட்டியைத் திறக்கவே கூடாது, மற்றதெல்லாம் மிரண்டு குதித்துவிடும், புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றும் சொன்னார். இந்தப் புத்தகத்தை எழுதினவன் முப்பத்தோரு வருஷம் குறைமாதப் பிள்ளை வார்டில் நின்றானா.

நான் நின்றேன். உலகம்மாள் சிஸ்டர் என்றால் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் தெரியாத ஆயா கிடையாது. அங்கே பிள்ளைகளுக்குப் பெயர் இல்லை, பேபி ஆஃப் சுடலைவடிவு, பேபி ஆஃப் மரியபாக்கியம், அவ்வளவுதான். நான் பொறுப்புக்கு வந்ததும் வைத்த முறை ஒன்று உண்டு. காலையில் உள்ளே நுழைந்தால் எது எடை குறைந்ததோ அங்கேதான் முதலில் போவது. எண்ணூறு கிராம் இருந்தால் அது, அப்புறம் ஒரு கிலோ, அப்புறம்தான் மற்றது. இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கிறதெல்லாம் எனக்கு ஆட்டக்காரப் பயல்கள். அதன் அம்மாமார் கதவோரம் வந்து நிற்பார்கள், சிஸ்டர் என் பிள்ளையைக் கொஞ்சம் பாருங்களேன் என்பார்கள். உன் பிள்ளை நல்லாருக்கு, போ. இதுதான் பதில். எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். நல்லாருக்கு, போ. இதைக் கேட்டால் சந்தோஷமாகப் போக வேண்டியதுதானே, சிலது போகாது, அங்கேயே நின்று இன்னொரு தரம் எட்டிப் பார்க்கும். எரிச்சலாக வரும். இங்கே இழுத்துக்கொண்டு கிடக்கிற பிள்ளையை விட்டுவிட்டு உன் கொழுக்கட்டையைப் பார்க்க வரவா. அந்த முறையால் எத்தனை உயிர் தேறியது என்று நான் சொன்னால் தற்பெருமை. என் மகன் ஈஸ்வரமூர்த்தியே அப்படித் தேறினவன்தான். ஏழாம் மாதம், ஒன்றேகால் கிலோ, கோழிக்குஞ்சு கூட அதைவிடப் பார்க்க நன்றாக இருக்கும். என் நெஞ்சோடு ஒட்டவைத்து, பாலாடையில் சொட்டுச் சொட்டாக ஊற்றி, மூன்று மாதம் நான் படுத்துத் தூங்கினது கிடையாது. இப்போது தொண்ணூற்றிரண்டு கிலோ. மஸ்கட்டில் இருந்துகொண்டு தினமும் கூப்பிட்டு, அம்மா வாய்வுத் தொல்லை, அம்மா ஓமம் எவ்வளவு போடணும் என்று அரைமணி நேரம் பேசுவான். அவனுக்கு முப்பத்தெட்டு வயது.

ஐயோ, மறுபடியும் போன். பிரிட்ஜ் மேல் வைத்தது அங்கேயே கிடந்து அலறுகிறது. மகனுக்குத் தனி மணி, அவனே வைத்துவிட்டுப் போனான், இது பொதுவான மணி, அதனால் மகள் வடிவு. ஒன்பதேகாலுக்கே ஒரு தடவை அடித்தது, எழுந்துபோய்ப் பார்த்தேன், வடிவு என்று வந்தது, அந்த நேரம் பார்த்து தாய்க்காரி புழுவோடு வந்துவிட்டாள், இந்த முறையாவது நாலாவதுக்குக் கொடுக்கிறாளா பார்க்க வேண்டாமா, விட்டுவிட்டு ஓடிவந்தேன். கொடுக்கவில்லை. புதன்கிழமை காலையில் இவளுக்கென்ன போன். ஓசூரில் பாலிடெக்னிக்கில் வேதியியல் நடத்துகிறவள், காலையில் முதல் வகுப்பே இவளுக்குத்தான், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிட்டால் ஆறு பத்துக்கு வைத்துவிடுகிறவள். மாப்பிள்ளைக்கு ஏதாவது குழம்பு வைக்கக் கைப்பக்குவம் கேட்பாளாக இருக்கும். அவளுக்கென்ன, நன்றாகத்தான் இருப்பாள். மூன்று கிலோ நூறு கிராம் பிறக்கும்போதே. பிறந்த மறுநாளே தொட்டிலில் போட்டுவிட்டு அண்ணனைப் பார்க்கப் போனேன், அவனுக்கு அப்போது நாலு வயது, இழுப்பு. அவள் அழவேயில்லை. யாருக்கும் ஒரு தொந்தரவு கிடையாது இந்தப் பிள்ளையால் என்று நானே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். நின்றுவிட்டது மணி. அப்புறம் கூப்பிட்டுக்கொள்ளலாம். எட்டாவது நடை, யார் இது, தகப்பன்காரன், சின்னப் பல்லிக்குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறான், மூன்றாவதின் வாயில் வைக்கிறான், அதற்கு விழுங்க முடியவில்லை, பிடுங்குகிறான், சரி, இப்போதாவது கீழே குனிடா, குனி, இல்லை, பெரியதுக்கே கொடுத்துவிட்டான். பெரியது ஒரே முழுங்கு. அதன் மார்பில் புள்ளி புள்ளியாக இறகு வந்துவிட்டது, இன்றோ நாளை மறுநாளோ பறக்கப்போகிறது, அதற்கு இன்னும் என்னடா ஊட்டல். இவர் போகும்போது துணியைத் தூக்காதே, போய் உள்ளே இரு என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். பென்ஷனர் சங்கக் கூட்டம், பதினொன்றரைக்கு வந்துவிடுவாராம். துணியை நான் தூக்கவில்லை. ஒரு மூலையை மட்டும் ஒதுக்கித் துணிக் கிளிப்பால் மாட்டியிருக்கிறேன்.

கண்ணாடிக்குள் நாலாவது வாயைத் திறக்கிறது. சத்தம் வரவில்லை, திறந்து மூடுகிறது, அவ்வளவுதான். மஞ்சள் ஓரம் வெளுத்துப்போயிருக்கிறது. எனக்கு இந்த வெளுப்பு தெரியும். கையும் காலும் குளிர ஆரம்பித்திருக்கும், இன்னும் இரண்டு மணி நேரம் போனால் வாயைத் திறக்கவும் திறக்காது, அதற்கப்புறம் பெட்டியைத் திறந்து என்ன, திறக்காவிட்டால் என்ன. இவர் வந்து சாயங்காலம் மூன்று என்று எழுதுவார். மூன்று, சரி. அதை மட்டும் என்னால் பார்க்க முடியாது. நான் ஒன்றும் ஊட்டி வளர்க்கப் போவதில்லை, இரண்டே இரண்டு புழு, கழுத்து நிமிர்கிற அளவுக்கு, அப்புறம் அதுவே கத்திக் கேட்டு வாங்கிக்கொள்ளும். குரோட்டன்ஸ் தொட்டி மண்ணைக் கிளறினால் வெள்ளைப் புழு கிடைக்கும். கிடைத்தது, நாலு, கொட்டாங்கச்சியில் போட்டு வைத்திருக்கிறேன், அது நெளிவதைப் பார்த்தால் எனக்கே குமட்டுகிறது, மரக்கறி தவிர வேறு தெரியாத வீட்டில் பிறந்தவளுக்கு இந்த வயதில் இது தேவைதான். வேலையை விட்டு வரும்போது கொண்டுவந்த பழைய ஃபோர்செப்ஸ் ஒன்று இருக்கிறது, அந்த இடுக்கியை வெந்நீரில் போட்டு எடுத்துத் துடைத்தாயிற்று. கை நடுங்கவில்லை. அறுபத்தாறு வயதில் என் கை நடுங்குவதில்லை. பின்னே எதற்கு இன்னும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பாழாய்ப்போன போன் அடித்ததிலிருந்து ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. பால் தம்ளர். எவர்சில்வர் தம்ளர், விளிம்பில் ஒரு நசுங்கல், அதை வடிவு இடது கையால் வாங்குகிறாள். அவளுக்கு ஒன்பது வயது. நான் டியூட்டிக்குக் கிளம்பி நிற்கிறேன், அண்ணனுக்கு நெபுலைசர் வைத்துவிட்டு, சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு. சோத்துக் கையால வாங்குட்டி, என்ன பழக்கம் இது, என்று அதட்டுகிறேன். அவள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வலது கையை நீட்டுகிறாள், நீட்டி, தொட்டு, எடுக்க முடியாமல், அம்மா நீ போ, நான் அப்புறம் குடிக்கேன் என்கிறாள். நான் போய்விட்டேன்.

இரண்டு நாள். பள்ளிக்கூடத்தில் கயிறு இழுக்கும்போது விழுந்து மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது, இரண்டு நாள் இடது கையால் எழுதியிருக்கிறாள், இடது கையால் தின்றிருக்கிறாள், ஜடை பின்னத் தெரியாமல் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள், அதற்கும் நான் திட்டியிருக்கிறேன். கண்டுபிடித்தது ட்யூஷன் டீச்சர். நர்ஸ் வீட்டுப் பிள்ளைக்கே இந்தக் கதியா என்று அந்தம்மாள் கேட்டதில் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதை வீட்டுக்கு வந்து வடிவு மேல்தான் காட்டினேன். ஏன் சொல்லவில்லை, வாய் இல்லையா உனக்கு. அண்ணனுக்கு மூச்சு முட்டிக்கிட்டு இருந்துச்சுலா என்றாள். சரிதானே, அவனுக்கு முட்டிக்கொண்டுதானே இருந்தது. அப்போது யாரை விட்டு யாரைப் பார்ப்பது. இதையெல்லாம் இப்போது எதற்கு இழுத்துவைத்து அரைத்துக்கொண்டிருக்கிறேன், இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது, கட்டுப் போட்டு ஆறு வாரத்தில் சேர்ந்துவிட்டது, அந்தக் கையால்தான் கரும்பலகையில் எழுதிச் சம்பாதிக்கிறாள். தம்ளரும் இன்னும் உள்ளே அடுக்கில்தான் இருக்கிறது, இவருக்கு அதில்தான் மோர் கொடுக்கிறேன். விளிம்பு நசுங்கினதைத் தூக்கிப்போட எத்தனை தடவை நினைத்தேன், கை வரவில்லை. போதும். நாலாவது வாயைத் திறந்து ஐந்து நிமிஷம் ஆகிறது. தாயும் தகப்பனும் மதிலுக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள். இதைவிட்டால் நேரம் கிடையாது.

கொக்கி துருப்பிடித்திருந்தது, கட்டைவிரலால் அமுக்கித் தள்ளினேன், கதவு ஒரு கிறீச்சோடு திறந்தது. ஃபோர்செப்ஸைக்கூட நான் தூக்கவில்லை. பட்டாசுச் சரம் வெடித்த மாதிரி முகத்தில் ஏதோ அடித்தது, ஒன்று என் தோளில் மோதி, ஒன்று காதோரம், ஒன்று எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை, கண்ணைத் திறந்து பார்த்தால் பெட்டிக்குள் நாலாவது மட்டும் கிடக்கிறது. இந்த மனுஷன் சொன்னது நிஜம். புத்தகத்தில் போட்டிருந்தது நிஜம். வாழ்க்கையில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவர் சொன்னது சரியாகப் போய்த் தொலைய வேண்டும், அது இன்றைக்குத்தானா இருக்க வேண்டும். அப்போதாவது நான் திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. உள்ளபடி சொல்லுகிறேன், பார்க்கவில்லை. மற்ற மூன்றும் இறகு முளைத்ததுகள், தன்னைப் பார்த்துக்கொள்ளும், முதலில் இது, என்று கை தன்பாட்டுக்குப் போனது. ஒரு புழுவை எடுத்து அதன் அலகின் ஓரத்தைத் தொட்டேன், திறந்தது, தொண்டைக்குள் ஆழமாக வைத்தேன், விழுங்கியது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. இன்னொன்று. கழுத்து தூக்கியது. முப்பத்தோரு வருஷப் பழக்கம் வீண்போகுமா என்று ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே போன் மறுபடி அடித்தது, மூன்றாவது தடவை, முழு மணியும் அடித்து ஓய்ந்தது. பொறுட்டி வடிவு, கைவேலையாக இருக்கிறேன் தெரியவில்லையா, என்று வாய்விட்டே சொன்னேன். கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டேன்.

அப்புறம்தான் சத்தம் காதில் விழுந்தது. தாயும் தகப்பனும் திரும்பி வந்து தோட்டம் முழுக்க அலறிக்கொண்டு பறக்கின்றன, பாட்டெல்லாம் போய்விட்டது, கிறுக் கிறுக்கென்று ஒரே கத்தல். கொடிக்கயிற்றில் ஒன்று, விழுந்துவிடுவது போல் ஆடிக்கொண்டு. அது இரண்டாவது. குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பின்னால் ஒன்று கத்துகிறது, மூன்றாவது, கத்துகிறவரை கவலையில்லை. மதில் மேல் பக்கத்து வீட்டு ஜெபா டீச்சரின் சாம்பல் பூனை வந்து உட்கார்ந்தாயிற்று, அது ஒன்றும் செய்யாதுக்கா என்று டீச்சர் சத்தியம் செய்கிற பூனை. விளக்குமாற்றைத் தூக்கி எறிந்தேன், இறங்கி ஓடியது. மூன்றாவதைக் கையில் பிடித்துக் கொய்யாக் கிளையில் வைத்தேன், கொடியில் இருந்தது தானாகவே கிளைக்குத் தாவிவிட்டது, தாய்க்காரி இரண்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தாள். பெரியதைக் காணோம். அதுதான் நல்ல பலமாயிற்றே, நேரே வேப்பமரத்துக்கே போயிருக்கும் என்று நினைத்தேன். நினைத்து, நாற்காலியில் உட்கார்ந்தும்விட்டேன், துண்டால் முகத்தைத் துடைத்தேன், இவருக்கு என்ன பதில் சொல்லுவது, அட்டையில் என்ன எழுதுவார் என்று யோசித்தேன். தகப்பன்காரன் மட்டும் அடங்கவில்லை. துவைக்கிற கல்லில் இறங்குகிறான், எழும்புகிறான், இறங்குகிறான், என்னைப் பார்த்துக் கத்துகிறான், என் கால்மாட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் அவன் வந்ததே கிடையாது. போடா, எல்லாம் நல்லாருக்கு, போ, என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள் என் கண் கீழே போனது. வாளி.

நாற்காலிக்கு இந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், சோப்புத் தண்ணீரில். வேட்டி உப்பிக்கொண்டு மேலே மிதந்ததால் முழுகவில்லை, அதன் மடிப்பில் சிறகு இரண்டும் விரிந்து ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஒரு சத்தம் கிடையாது. அத்தனை நேரமும், நான் ஊட்டின நேரம், கதவைச் சாத்தின நேரம், பூனையை விரட்டின நேரம், முகம் துடைத்த நேரம், அது இங்கேதான் கிடந்திருக்கிறது, கத்தாமல். வாயைத் திறந்து ஒரு தடவை கத்தியிருந்தால் என்ன, காலையிலிருந்து அந்தக் கத்துக் கத்தினாயே புழுவுக்கு. எடுத்தேன். ஈரத்தில் பாதிகூட இல்லை அது, என்ன பெரியது, உள்ளங்கையில் ஒரு ஈரப் பஞ்சு, அவ்வளவுதான். புள்ளி மார்பெல்லாம் நுரை. நல்ல தண்ணீரை விரலால் தொட்டு நுரையை வழித்தேன், தலையில் இருந்த துண்டின் காய்ந்த முனையால் ஒற்றினேன், அதன் மூக்கில் ஊதினேன். ஜில்லென்று இருந்தது. முந்தானைக்குள் விட்டு நெஞ்சோடு சேர்த்து உள்ளங்கையால் மூடிக்கொண்டேன், ஈஸ்வரமூர்த்தியை வைத்த அதே இடத்தில். இந்த இடத்தில் வடிவை நான் வைத்ததேயில்லை. வைக்க வேண்டிய தேவை வரவில்லை. மூன்று கிலோ நூறு. தொட்டுப் பார்க்கிறேன், துடிப்பு இருக்கிறதா, அது என்னுடையதா அதனுடையதா என்று பிரித்தறிய முடியவில்லை, எத்தனையோ பிள்ளைகளுக்கு விரல் வைத்தே எண்ணிச் சொன்னவள் நான், முடியவில்லை. பிழைச்சுக்கோ. தாயே, பிழைச்சுக்கோ. தப்பு என்னுடையது, நான் எழுதிக் கொடுக்கிறேன் அட்டையில், திறந்தது நான்தான் என்று, நீ பிழைத்துக்கொள்.

போன் நாலாவது தடவை அடித்தது. ஒரு நாளில் நாலு தடவை. ஞாயிற்றுக்கிழமை ஆறு பத்துக்கு வைக்கிறவள். இடது கையால் நெஞ்சைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன், நிலைப்படியில் கால் விரல் இடித்து உயிர் போனது, போகட்டும். வலது கையால் எடுத்துக் காதில் வைத்தேன்.

"அம்மா, வேலையா இருந்தியா? ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்" என்றாள்.

குரலில் ஒன்றும் இல்லை. எப்போதும் போலத்தான் இருந்தது. இந்த இடத்தில் சரி அப்புறம் பேசு என்று நான் வைத்துவிடுவது வழக்கம், வாய் அதற்குத் தயாராகக்கூட வந்தது.

"சும்மாவாட்டி நாலு தடவ கூப்பிடுவே?"

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லாருக்கியான்னு நான் கேக்கல. எங்க வலிக்குன்னு சொல்லு."

 கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன், ஆகவில்லை, நொடி ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுவது கேட்டது, சக்கர வண்டி உருளுகிற சத்தம், எனக்கா அந்தச் சத்தம் தெரியாது. அப்புறம் என் மகள் அழுதாள். முப்பத்து நாலு வயதில், தொட்டிலில் போட்டபோதுகூட அழாதவள், போனில் ஓவென்று அழுதாள். விம்மலுக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். கர்ப்பப்பையில் கட்டி, நாலு மாதமாக இருக்கிறது, அவளாகவே ஸ்கேன் எடுத்தாள், அவளாகவே மருந்து வாங்கினாள், மாப்பிள்ளை வேலையாக வெளியூர் போயிருக்கிறார், வரச்சொல்லியிருக்கிறாள், நாளைக் காலை ஆபரேஷன், இன்றைக்கே வந்து படுக்கச் சொன்னார்கள், படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கூட யார் என்கிற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சின்னக் கட்டிதாம்மா, நீ வரணும்னு இல்ல, என்றாள். நாலு மாதம். ஞாயிற்றுக்கிழமைகள் பதினாறு, ஒவ்வொன்றிலும் பத்து நிமிஷம், அதில் எட்டு நிமிஷம் நான் அண்ணனின் வாய்வைப் பற்றிப் பேசியிருப்பேன். போன மாதம் கேட்டாள், அம்மா நாளெல்லாம் அடிவயிறு இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தா என்ன சாப்பிடணும் என்று. சீரகத் தண்ணி குடி, உனக்கென்ன, நீ நல்லாத்தான் இருப்பே என்றேன். என் வாயால்தான் சொன்னேன். அன்றைக்குப் போலவே அவள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"என் பேர எழுது. உலகம்மாள், அம்மா. இன்னைக்கி வண்டியில ஏறுதேன், விடியமுன்ன அங்கன நிப்பேன். நான் வாரமுன்ன உன்ன உள்ள கூட்டிட்டுப் போனாங்கன்னா, அம்மா நர்சு, வந்துக்கிட்டு இருக்கான்னு சொல்லு."

எழுதுதேன் என்றாள். பேனா இல்லையாம், பக்கத்தில் கேட்டு வாங்குகிறேன் என்றாள். வாங்கும்வரை நான் வைக்கவில்லை. எழுதிவிட்டு, எழுதிட்டேம்மா என்று சொல்லும்போது நெஞ்சுக்குள் ஏதோ கீறியது. நகம். குஞ்சின் கால் நகம் அத்தனையும் என் தோலைப் பிடித்துக்கொண்டு ஏறப் பார்க்கிறது. உள்ளங்கையில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது, விலக்கிப் பார்த்தால் ஒரு வெள்ளைப் பொட்டலம். வாசல் கேட் கிறீச்சிட்டது. இவர் வந்துவிட்டார், மணி பதினொன்றரை, சொன்னால் சொன்ன நேரம். பின்வாசலுக்கு வந்து, அடித்துக்கொண்டு கிடக்கிற குருவிகளைப் பார்த்தார், விளக்குமாறு கிடந்த இடத்தைப் பார்த்தார், கிளிப் மாட்டின துணியைப் பார்த்தார், முகம் சிறுத்துவிட்டது, பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு நேரே பெட்டிக்குப் போகிறார், அந்த அட்டையைத் தேடிக்கொண்டு. ஏளா, என்ன செஞ்ச, எத்தனை இருக்கு என்று முதுகைக் காட்டிக்கொண்டே கேட்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, பத்திக்கொண்டும் வந்தது. போய் அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, அட்டையில் சரி என்று அவர் எழுதியிருந்ததை அடித்தேன். அந்தக் கையைப் பிடித்து விரித்துப் பெரியதை அதில் வைத்து, இன்னொரு கையை எடுத்து மேலே மூடினேன்.

"எண்ணாதீங்க. கையில வச்சிக்கிட்டு நில்லுங்க, அதுக்குக் குளிருது. வடிவு ஆஸ்பத்திரில இருக்கா."

அவர் அசையவில்லை. இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு, வெயிலில், வாயைத் திறந்தபடி நின்றார். நான் உள்ளே போய் பரணிலிருந்து பையை இறக்கினேன்.